டில்ட்-அப் பேனல் டிசைன்ல அடிக்கடி நடக்கிற தப்புங்க

டில்ட்-அப்னா தரை ஸ்லாப் மேலயே சுவரை படுக்க வச்சு கான்கிரீட் போட்டு, இறுகினதும் கிரேன் வச்சு தூக்கி நிறுத்துறது. கேக்க சிம்பிளா இருக்கும், அதனாலயே நிறைய பேர் இதை சாதா ஆர்சிசி சுவர் கணக்கா டிசைன் பண்ணிட்டு போயிடுறாங்க, வம்பு அங்கதான் ஆரம்பிக்குது. 9 மீட்டர் உயரத்துக்கு வெறும் 185 மில்லி தடிமன், அதாவது உயரத்துல ஏறக்குறைய அம்பதுல ஒரு பங்கு. பேருக்குத்தான் சுவர், வேலை செய்றது என்னவோ நிமிர்ந்து நிக்கிற ஸ்லாப்தான்.

முதல்ல பி-டெல்டா, அதாவது சுவர் வளைஞ்ச பிறகு மேலருந்து வர்ற லோடு அந்த வளைவாலயே கூடுதலா குடுக்கிற மொமெண்ட். காத்து 1 கிலோபாஸ்கல்னு வச்சுக்கோங்க, நடு உயரத்துல ஒரு மீட்டர் அகலத்துக்கு சுமார் 10 கிலோநியூட்டன்-மீட்டர் மொமெண்ட் (வளைக்கிற விசையோட அளவு) வரும், பல பேர் கணக்கு அதோட முடிஞ்சுடும். ஆனா பேனல் வளையுதே. நடுவுல 60 மில்லி வளைஞ்சா, மேல்பாதி பேனல் வெயிட் 20 கிலோநியூட்டன், கூரை லோடு ஒரு 20, ஆக 40 அந்த 60 மில்லிக்கு இன்னொரு 2.4 மொமெண்ட் குடுக்கும். அது போக கூரையைத் தாங்குற ஜாய்ஸ்ட் உத்தரம் சுவரோட நடுக்கோட்டுல உக்காராது, உள்பக்கம் ஒரு 150 மில்லி தள்ளி உக்காரும்னா மேல 3, நடுவுக்கு வரும்போது 1.5. காத்து சுவரை வெளிய இழுக்கிற நேரத்துல இது மூணும் ஒரே பக்கமா சேந்துக்கும், 10னு நெனச்சது கிட்டத்தட்ட 14 ஆயிடும். காத்து உள்ள தள்ற கேஸை மட்டும் பாத்துட்டு விடுறவங்க கோட்டை விடுறது இதைத்தான்.

அமெரிக்க கான்கிரீட் கோடு ஏசிஐ 318ல ஒல்லியான சுவருக்குன்னே ஒரு சுருக்கு வழி இருக்கு, சர்வீஸ் லோடுல வளைவு உயரத்துல 150ல ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, நடுவுல அச்சு லோடும் (மேலருந்து நேரா கீழ இறங்குற லோடு) கான்கிரீட் வலிமை தாங்கிற அளவுல 6 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு கண்டிஷன் எல்லாம் போட்டிருப்பாங்க. அதுல முக்கியமா உயரம் முழுக்க குறுக்குவெட்டு ஒரே மாதிரி இருக்கணும். பெரிய ஜன்னல், லோடிங் கதவு இருக்கிற பேனலுக்கு இந்த ஃபார்முலாவை அப்படியே ஸ்ப்ரெட்ஷீட்ல ஓட்டிடக்கூடாது.

கதவுன்னதும் ஞாபகம் வருது, 3.6 மீட்டர் ஓபனிங் பக்கத்துல 1.2 மீட்டர் அகலத்துல தூண் மாதிரி சுவர்த்துண்டு ஒண்ணு நின்னா, அது தன் அகலத்துக்கு மட்டும் இல்ல, கதவுல பாதி 1.8க்கும் சேத்து மொத்தம் 3 மீட்டர் காத்தை சுமக்குது, ரெண்டரை மடங்கு. அங்கயும் மத்த இடத்துல போட்ட அதே கம்பியைப் போட்டா எப்படி? ஓபனிங் மூலைல சாய்வு கம்பி போட மறக்கிறதும் இதோட சேந்த தப்புதான்.

என்னைக் கேட்டா ரொம்ப கண்ணுக்குத் தெரியாத தப்பு டிசைன் க்ரூவ்தான். ஆர்க்கிடெக்ட் அழகுக்கு வெளிமுகத்துல 20 மில்லி குடைவார். கம்பி ஒரே அடுக்கா நடுவுல இருந்தா எஃபெக்டிவ் டெப்த், அதாவது வளையும்போது அமுங்கிற முகத்துலருந்து கம்பி வரைக்கும் உள்ள ஆழம், சுமார் 92 மில்லி, க்ரூவ் அந்த முகத்துல வந்தா 72தான் மிஞ்சும். ஐஞ்சுல ஒரு பங்கு போச்சு, அதுவும் நடு உயரத்துல கிடைமட்டமா ஓடுற க்ரூவ்னா மொமெண்ட் அதிகமா இருக்கிற இடத்துலயே போச்சு. இதுக்கு மேல சைட்ல சேர் (கம்பியைத் தாங்கிப் பிடிக்கிற சின்ன ஸ்டாண்ட்) சரியா வைக்காம கம்பி ஒரு 10 மில்லி இறங்கிட்டா சொல்லவே வேணாம். அதனால டிராயிங்ல மொத்த தடிமனை மட்டும் எழுதாம, க்ரூவ் போக மிச்சம் எவ்வளவு, கம்பி எந்த முகத்துலருந்து எவ்வளவுன்னு எழுதுங்க.

தூக்கும்போது வர்ற ஸ்ட்ரெஸ் தனி கதை. பேனல் படுத்திருக்கிற நிலைலருந்து கிளம்புற நிமிஷம்தான் மோசம், சொந்த வெயிட்டும் தரையோட ஒட்டுற பிடிப்பும் சேந்து வரும், கான்கிரீட்டும் அப்ப இளசு. லிஃப்டிங் இன்சர்ட் (கிரேன் கொக்கி மாட்ட பேனல்ல புதைக்கிற இரும்பு) கணக்கு முடிஞ்ச பிறகு யாராவது ஒரு ஜன்னலை நகத்திட்டா ஈர்ப்பு மையமும் நகந்துடும், கணக்கை திரும்ப போடணும்.

கூரையோட சேக்கிற கனெக்‌ஷனை கடைசில பாத்துக்கலாம்னு விடாதீங்க. 1971ல கலிஃபோர்னியா சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துல டில்ட்-அப் கட்டடங்க அடி வாங்குனது முக்கியமா இங்கதான், சுவர்ல போல்ட் போட்டு கூரையைத் தாங்க வச்ச மர லெட்ஜர் கட்டை நார் குறுக்கால பிளந்து சுவர் கூரையை விட்டு வெளிய விலகிடுச்சு. 1994 நார்த்ரிட்ஜ்லயும் கூரை-சுவர் இணைப்புதான் மறுபடி கைவிட்டுச்சு. சுவரை உள்ள இழுத்துப் பிடிக்கிற ஆங்கர், அந்த விசையை கூரைக்குள்ள கொண்டு போற குறுக்கு டை, ரெண்டும் வேணும்.

பலம் ஏறட்டும்னு பக்கத்து பக்கத்து பேனலை எல்லாம் வெல்ட் பண்ணி கட்டிப்போடுறதும் உண்டு. கான்கிரீட் சுருங்க இடம் இல்லாம எம்பெட் பிளேட் (வெல்ட் பண்ண கான்கிரீட்ல புதைச்ச இரும்புத் தகடு) சுத்தி கிராக் விடும், நிலநடுக்கத்துக்கோ ஷியருக்கோ (பக்கவாட்டு வெட்டு விசை) தேவைப்பட்ட இடத்துல மட்டும் போட்டா போதும்.

நிறுத்தின பேனல் சாயாம தாங்குற தற்காலிக முட்டு, அதான் பிரேஸ், எப்ப கழட்டணும்னும் டிராயிங்லயே எழுதிடுங்க. கூரை டெக் முழுசா பிணைஞ்சு, பேனலுக்கும் தரைக்கும் நடுவுல விட்ட ஸ்ட்ரிப்ல கான்கிரீட் போட்டு பலம் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. எழுதலன்னா ஃபோர்க்லிஃப்ட் போக வழி இல்லன்னு ஒருத்தர் ரெண்டு பிரேஸை முன்னாடியே கழட்டிடுவார்.