படிப்பு முடிந்ததும் ஓராண்டு வெளிநாட்டு வேலை: வேலூர்ப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிகிரி முடித்த கையோடு ஒரு வருடமோ இரண்டு வருடமோ வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஏராளம். நல்ல எண்ணம்தான். ஆனால் பத்து வருடம் இருக்கப் போகிறவர் முதல் வருடம் விட்டதை மூன்றாம் வருடம் பிடித்துக்கொள்வார். பத்து மாதத்துக்குப் போகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. கிளம்பும் முன் செய்யும் ஒவ்வொரு பிழையும் அவருடைய சம்பளத்திலிருந்துதான் கழியும்.

கடன் வாங்கிக் கட்டும் பணம்

"ஒன்றரை லட்சம் கட்டிவிடு, விசா தானாக வரும்" என்று தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் சொல்வார். அம்மாவின் நகை அடகுக்குப் போகும், அல்லது வட்டிக்கு வாங்குவார்கள். மூன்று வட்டிக்கு ஒன்றரை லட்சம் வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் வட்டி மட்டும் 45,000. அசல் அப்படியே நிற்கும். வேலை ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான் என்றால், திரும்பி வரும்போது கையில் என்ன மிஞ்சும் என்று விண்ணப்பம் போடும் முன்பே தாளில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்த பிறகு போகவேண்டாம் என்று தோன்றினால், அதுவும் நல்ல முடிவுதான்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறது. முதலில் அங்கே என்ன வேலைகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது நல்லது.

"முதலில் விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்"

இந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் தைரியமாகப் போய்ப் புகார் கொடுக்க முடியாது. தாய்லாந்து இன்னும் ஆபத்தானது. அங்கே டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் இணைய மோசடி செய்ய வைக்கும் கும்பல்கள் பற்றி 2022 செப்டம்பரிலேயே இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. கம்ப்யூட்டர் படித்த பட்டதாரிகள்தான் அவர்கள் குறி. நேர்காணல் வாட்ஸ்ஆப்பிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்து, சம்பளம் மட்டும் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு என்றால், போகாதீர்கள்.

பெயரும் சான்றிதழும்

நம் பக்கத்துப் பிள்ளைகள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். மதிப்பெண் சான்றிதழில் 'கே. செல்வி' என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் 'செல்வி குமார்' என்று விரிந்திருக்கும், அல்லது குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருக்கும். ஆதாரில் மூன்றாவது விதமாக ஒரு பெயர். நமக்கு எல்லாம் ஒருவர்தான். விசா அதிகாரிக்கு இவை மூன்று பேர். கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். திருத்தம் தேவையென்றால் அப்போதே தொடங்குங்கள். வேலை கிடைத்த பிறகு தொடங்கினால், திருத்தம் முடிவதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்திருப்பார்.

அடுத்தது டிகிரி சான்றிதழ். புரொவிஷனல் (தற்காலிகச் சான்றிதழ்) கையில் இருக்கிறதே என்று இருந்துவிடுகிறார்கள். பட்டப்படிப்பைக் காட்டி விசா வாங்கும் வேலைகளுக்கு அசல் டிகிரியைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகமோ, நீங்கள் படித்த வேறு எந்தப் பல்கலைக்கழகமோ, பட்டமளிப்பு வரை காத்திருக்காமல் டிகிரியை வாங்க வழி உண்டா என்று தேர்வு முடிவு வந்த வாரமே விசாரியுங்கள். அரியர் ஒன்று பாக்கி இருந்தாலும் அதை முடிக்காமல் விமானம் ஏறாதீர்கள். ஒரு தேர்வுக்காகத் திரும்பி வரும் டிக்கெட் செலவு சிறு ஒப்பந்தத்துக்குத் தாங்காது.

டிகிரி வந்தபின் அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசிடம் முத்திரை வாங்குவது. ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ளும் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005 முதல் இந்தியா இருப்பதால், அதில் சேர்ந்துள்ள நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையே போதும். அமீரகம், கத்தார், குவைத் அந்த உடன்படிக்கையில் இல்லாதவை. அவற்றுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாகப் போகவேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

நர்சிங் முடித்தவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். வேலூர் நர்சிங்குக்குப் பேர்போன ஊர் என்பதால் இது முக்கியம். பட்டதாரிகளுக்குப் பொதுவாகக் குடிபெயர்வு அனுமதி (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் மத்திய அரசிடம் வாங்கவேண்டிய அனுமதி) தேவையில்லை. ஆனால் 2015 முதல், சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் செவிலியர்களுக்கு அந்த அனுமதி கட்டாயம். "நீதான் டிகிரி முடித்திருக்கிறாயே, எதுவும் வேண்டாம்" என்று சொல்கிறவருக்கு விதி தெரியவில்லை, அல்லது மறைக்கிறார்.

குலுக்கலை விற்பவர்கள்

குறுகிய காலம் போக நேர்மையான வழிகளும் உண்டு. 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியப் பட்டதாரிகள் இரண்டு ஆண்டு தங்கி வேலை பார்க்க, பிரிட்டன் 2023இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 3,000 இடம் என்று அறிவித்து, குலுக்கல் முறையில் ஆள் எடுக்கிறார்கள். குலுக்கலில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வானால் 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும். கடைசி நாளில் கடன் வாங்கிப் போட்டால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும். ஆஸ்திரேலியாவும் 2024இல் இந்தியர்களுக்கு 1,000 இடங்களோடு ஓராண்டு விசாவைத் திறந்தது. அதற்கும் குலுக்கல்தான், பதிவுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர். அந்த விசாவில் ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பதைப் பலர் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். குலுக்கலில் பெயர் வரவைப்பதாகச் சொல்லி யார் பணம் கேட்டாலும் அது மோசடி. குலுக்கல் முடிவு அவர் கையில் இல்லை.

ஒப்பந்தமும் கல்விக் கடனும்

மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு, டிக்கெட் ஒரு வழியா இரு வழியா என்று பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஓராண்டு முழுதாக முடித்தால்தான், அதுவும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் அது கிடையாது.

கல்விக் கடன் இருந்தால் வங்கிக்குப் போய்ப் பேசிவிட்டுக் கிளம்புங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டுவதிலிருந்து வழக்கமான விலக்கு. அது முடிவது நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போதாக இருக்கலாம். தவணை தவறினால் வங்கிக்காரர் கேட்டு வருவது, ஜாமீன் போட்ட அப்பாவிடம்.

திரும்பும் நேரத்தில் அவசரம் வேண்டாம். விசாவை முறைப்படி ரத்து செய்து, கணக்கைத் தீர்த்து, அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கியபின் கிளம்புங்கள். அமீரகச் சட்டப்படி ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் பாக்கி எல்லாம் தரவேண்டும். சான்றிதழைக் காசு வாங்காமல் தரவேண்டும். "ஊருக்குப் போ, அனுப்பிவைக்கிறோம்" என்பதை ஏற்காதீர்கள். காட்பாடியில் வந்து இறங்கிய பிறகு அந்தப் பாக்கியை வாங்குவது மிகவும் கடினம்.