போர்க் கவலையும் அக்கியும்: முதல் மூன்று நாளில் செய்ய வேண்டியது

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அப்பா அங்கேதான் வேலையில் இருந்தார். கடலூர் முதுநகர் வீட்டில் ரேடியோவை அணைக்கவே மாட்டோம். அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார், ராத்திரியெல்லாம் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம் இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை ஒரே எரிச்சல், வெளியே சொல்லவில்லை. பட்டை போட்டது போலக் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் பாட்டி பார்த்தார். அக்கி. குயவர் வீட்டுப் பெரியவர் வந்து அக்கி எழுதினார், அதாவது காவி குழைத்து அதன் மேல் சிங்கம் வரைந்துவிட்டுப் போனார். அப்பா ஜோர்டான் வழியாக ஏர் இந்தியா விமானத்தில் நல்லபடியாக வந்து சேர்ந்தார், கொப்புளமும் காய்ந்தது. ஆனால் ஜாக்கெட் துணி உரசினாலே துடிக்கிற அந்த வலி ஆறேழு வருஷம் அம்மாவை விடவில்லை.

வளைகுடாவில் குண்டு விழுகிறது என்று செய்தி வந்தாலே பரங்கிப்பேட்டை முதல் புதுச்சேரி வரை எத்தனையோ வீடுகளில் தூக்கம் போய்விடும். அந்த வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் சின்னம்மை (சிக்கன்பாக்ஸ்) வந்தவர்களின் உடம்பை விட்டு அந்த வைரஸ் போவதே இல்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும், ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை எழவிடாமல் காவல் காக்கும். பயமும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரந்துகொண்டே இருந்து அந்தக் காவலைத் தளர்த்திவிடும். வைரஸ் விழித்து நரம்பு வழியாகவே தோலுக்கு வரும், அதனால்தான் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக. உதட்டோரம் திரும்பத் திரும்ப வரும் கொப்புளமும் இதே குடும்பத்து வைரஸ்தான். நல்ல திடகாத்திரமான விண்வெளி வீரர்களின் எச்சிலில்கூட, பயணத்தின்போது இந்த வைரஸ்கள் தலைகாட்டுவதை நாசா பார்த்திருக்கிறது. கவலை ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

சரி, செய்ய வேண்டியது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோ குத்தலோ வந்து, அந்த இடத்தில் சிவந்து கொப்புளம் கிளம்பினால், ஏதோ பூச்சி ஊர்ந்திருக்கும் என்று விடாதீர்கள். கொப்புளம் தெரிந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ கோரிமேடு ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே தோல் மருத்துவரைப் பாருங்கள். வழக்கமாக அசைக்ளோவிர் 800 மி.கி., ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள், ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவர், ஏனென்றால் பார்வையே போகலாம். காதில் வந்து வாய் கோணினாலும் அன்றைக்கே ஓடுங்கள்.

அக்கி எழுதினால் மனசுக்குத் தெம்பு என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை போடாதீர்கள், ஆனால் மாத்திரை முதலில், உடைந்த கொப்புளத்தின் மேல் காவி படவே கூடாது. சுத்தமான துணியால் மூடி வையுங்கள். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பக்கத்தில் வர வேண்டாம், அவர்களுக்குச் சின்னம்மையாக ஒட்டிக்கொள்ளும்.

ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இருக்கிறது, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. விலை அதிகம்தான், முடிந்தால் போட்டுவிடுங்கள்.

போர்ச் செய்தியைப் பார்க்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், பிள்ளை அங்கே இருக்கும்போது யாரால் முடியும்? வீட்டில் ஒருவர் மட்டும் காலையும் மாலையும் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும், அங்கிருப்பவரோடு பேச ஒரு நேரம் வையுங்கள், ராத்திரி போன் அம்மாவின் தலைமாட்டில் இருக்க வேண்டாம். அப்புறம், சர்க்கரை மாத்திரை விட்டுப்போகிறதா என்று பாருங்கள், இந்தப் பதற்றத்தில் முதலில் மறப்பது அதுதான்.

மார்பு, இடுப்பு என்றால் நம் அம்மாக்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். மகளோ மருமகளோ தனியாகக் கூப்பிட்டு, “எங்கயாவது எரியுதாம்மா?” என்று நேராகவே கேளுங்கள்.