பழைய கடைப் பலகையின் வயதைக் கணிப்பது எப்படி?

சென்னையில் ஒரு பழைய மளிகைக் கடையோ மெஸ்ஸோ எந்தக் காலத்தது என்று அறிய, முதலில் பெயர்ப்பலகையின் எழுத்தைப் பாருங்கள். லை, னை, ணை, ளை ஆகியவற்றில் ஐகாரம் யானைத் துதிக்கை போல மேலே வளைந்திருந்தால் அது பழைய வடிவம். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். ஆனால் கை பழகிய ஓவியர்கள் அதன் பிறகும் பழைய வடிவிலேயே எழுதினார்கள். ஆகவே இதை மட்டும் நம்பி ஆண்டு சொல்லாதீர்கள்.

அடுத்தது முகவரி. ஆறிலக்க அஞ்சல் குறியீடு வந்தது 1972-இல். ‘சென்னை-4’ என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் 600004-ஐ இன்றும் அப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன். 33-இல் தொடங்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அந்த வரி பெரும்பாலும் 2017 ஜூலையிலோ அதன் பிறகோ எழுதப்பட்டது.

பலரும் சறுக்குவது இங்கேதான்: ஒரே பலகையில் மூன்று காலத்து எழுத்து இருக்கும். தொலைபேசி எண்ணை மட்டும் அழித்து மேலே புதிதாக எழுதியிருப்பார்கள். டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். அடியில் உள்ள பழைய பெயின்ட் மேடு தட்டி நிழல் விழும். நேராக ஃபிளாஷ் அடித்தால் எதுவும் தெரியாது.

பலகையின் வயது கடையின் வயதாகிவிடாது. பழைய பில் புத்தகம் இருக்கிறதா என்று கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். படம் எடுக்குமுன் அனுமதியும் கேளுங்கள்.