லாக் கணக்கில் விடை வந்த பிறகு நடக்கும் தவறு

தர்மபுரியில் சாயங்காலம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பென்னாகரம் பஸ்ஸைப் பிடிக்க மணியைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடும் கூட்டம். மடக்கை, அதாவது லாக் (2-க்கு எந்த அடுக்கு போட்டால் 8 வரும்? 3. அதுதான் லாக்₂ 8 = 3) என்றால், "ஃபார்முலா எல்லாம் தெரியும் சார்" என்பார்கள். தெரியும்தான். சறுக்குவது பெரும்பாலும் அதற்கு அப்புறம்.

லாக்₂ எக்ஸ் + லாக்₂ (எக்ஸ் − 2) = 3

கூட்டலைப் பெருக்கலாக்கினால் எக்ஸ்(எக்ஸ் − 2) = 2³ = 8. காரணிப்படுத்தினால் 4, −2. இரண்டையும் எழுதி, அடிக்கோடு போட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். −2-ஐ முதல் வரியில் போட்டுப் பாருங்கள், லாக்₂ (−2) என்று நிற்கும். 2-க்கு எந்த மெய்யெண்ணை அடுக்காகப் போட்டாலும் மிகை எண்தான் வரும், −2 வரவே வராது. பிறகு அது எப்படி உள்ளே நுழைந்தது? −2-ஐயும் −4-ஐயும் பெருக்கினால் 8. தனித்தனியாக இருந்தபோது உதவாத இரண்டு குறை எண்கள், பெருக்கியதும் நல்ல எண்ணாகிவிட்டன. விடை 4 மட்டுமே.

இதற்கு நேர்மாறும் உண்டு. லாக்₁₀ (எக்ஸ்²) = 4 என்றதும் 2-ஐ முன்னால் இழுத்து, 2 லாக்₁₀ எக்ஸ் = 4, எக்ஸ் = 100 என்று முடிப்பார்கள். −100-ஐ வர்க்கப்படுத்தினாலும் 10000தானே? அங்கே பொய் விடை வந்தது, இங்கே மெய் விடை தொலைந்தது. எக்ஸ்² = 10000 என்றே எழுதியிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும்.

லாக்₂ (4 + 4)-ஐ லாக்₂ 4 + லாக்₂ 4 என்று பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். முன்னது 3, பின்னது 4. ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டது பெருக்கலைக் கூட்டலாக்கத்தான். கூட்டலுக்கு எதற்கு லாக்?

அடுக்குச் சமன்பாட்டில் 2 × 3^எக்ஸ் = 18 என்றால் 6^எக்ஸ் என்று சேர்த்துவிடுவார்கள். அடுக்கு 3-க்கு மட்டும்தான். முதலில் 2-ஆல் வகுங்கள், 3^எக்ஸ் = 9, எக்ஸ் = 2.

4^எக்ஸ் − 3 × 2^எக்ஸ் − 4 = 0 என்பதில் 2^எக்ஸ்-ஐ ஒய் என்று வைத்தால், ஒய் = 4 அல்லது −1. −1-ஐச் சரியாக அடித்துவிட்டு, "விடை 4" என்று பையைத் தூக்கினாள் ஒரு பெண். "4-ஐப் போட்டுப் பாரும்மா" என்றேன். 256 − 48 − 4 = 204. நின்றபடியே பேனாவை எடுத்து, ஒய்-க்குப் பக்கத்தில் 2^எக்ஸ் = 4 என்று எழுதி, 2 என்று திருத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.