வயல்ல குதிரைவாலிப் புல்லு: எங்கெல்லாம் தப்பு விடுறோம்

பர்மாவுல பெகு பக்கம், மோல்மேன் பக்கம் நம்ம ஆளுங்க நெறைய பேரு இன்னும் நெல்லு வயலை நம்பித்தான் பொழைக்கிறாங்க, அவங்க கிட்ட பேசுனாலே ஒரே கவலை, நாத்து நட்ட வரைக்கும் அடங்கி இருந்த புல்லு வெதைய நேரா தூவ ஆரம்பிச்சதும் காடா மண்டுதுன்னு. அதுல ரொம்ப தொல்லை குடுக்கிறது காட்டுக் குதிரைவாலிப் புல்லு. இத ஜெயிக்கிறது மருந்துல இல்லைங்க, நேரத்துல இருக்கு. நாம பண்ற தப்பு எல்லாமே கொஞ்சம் லேட்டா பண்றதுதான்.

முதல்ல அடையாளம். சின்னதுல அச்சு அசல் நெல்லு மாதிரியே இருக்கும், வரப்புல நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது. குனிஞ்சு இலைய தண்டுல இருந்து லேசா பின்னாடி இழுத்துப் பாருங்க. நெல்லுன்னா அந்த மடிப்புல வெள்ளையா மெல்லிசா ஒரு தோல் நிக்கும், பக்கத்துல சின்ன மயிர் மாதிரி காது இருக்கும். குதிரைவாலில ரெண்டுமே கிடையாது, மொழமொழன்னு இருக்கும், அடித்தண்டு பல நேரம் தட்டையா செவந்து தெரியும். இது நெல்லு மாதிரி ஆனதுக்கு நாமளே காரணம், வித்தியாசமா தெரிஞ்சத மட்டும் மனுசன் புடுங்கிப் புடுங்கி, நெல்லு மாதிரி இருந்தது தப்பிச்சு வெத போட்டுச்சு. சீனாவுல ஆராய்ச்சிக்காரங்க இந்த புல்லோட மரபணுவ பாத்து 2019ல எழுதுனாங்க, அங்க இந்த மாற்றம் ஒரு ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி தொடங்குனதுன்னு.

அடுத்தது, எல்லாத்துலயும் பெரிய தப்பு. "கதிர் வந்தா தன்னால தெரியும், அப்ப புடுங்கிக்கலாம்"னு விடுறது. நெல்லு அறுக்கிறதுக்கு முன்னாடியே இது முத்தி உதிர ஆரம்பிச்சுடும், நல்லா தூர் கட்டுன, அதாவது அடியில பல தண்டு விட்ட, ஒரு செடியே ஆயிரக்கணக்குல வெத போடும், அந்த வெத எல்லாம் ஒரே வருசத்துல மொளைக்காது, மண்ணுக்குள்ள தூங்கிக்கிட்டு வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா வரும். லேட்டா மொளைச்சது குட்டையா இருக்கேன்னு விட்டுடாதீங்க, பகல் பொழுது கொறைய ஆரம்பிச்சதும் அந்த குட்டைச் செடியும் சீக்கிரமா கதிர் தள்ளிடும். தயவுசெஞ்சு ஒரு கதிரையும் முத்த விடாதீங்க.

தண்ணி விசயம். மேல் மண்ணுல கெடக்கிற வெததான் சுலபமா மொளைக்கும், நட்ட வயல்ல அஞ்சுல இருந்து பத்து சென்டிமீட்டர் தண்ணி வத்தாம நின்னா நல்லா அடங்கும். ஆனா புல்லு தலைய வெளிய நீட்டினதுக்கு அப்புறம் தண்ணி கட்டி பிரயோஜனம் இல்ல. வயல் மேடு பள்ளமா இருந்தா மேட்டுல மட்டும் புல்லு நிக்கும், அதனால பரம்பு ஓட்டி சமப்படுத்துறத சும்மா ஒப்புக்கு பண்ணாதீங்க. வெத தூவுற வயல்ல ஆரம்பத்துல தண்ணி கட்ட முடியாது, நெல்லும் அழுகிடும், அங்க தூவுறதுக்கு முன்னாடியே வயல நனைச்சு புல்ல மொளைக்க விட்டு, சேத்தோட மடக்கி உழுதுட்டு வெதைங்க, நெல்லு வளர வளர தண்ணிய ஏத்துங்க.

களை எடுக்காம யூரியா போடுறதும் நிறைய நடக்குது, கூலி ஆள் கெடைக்கல, மழைக்கு முன்னாடி போட்டுடலாம்னு. நல்ல வெயில்ல, சூட்டுல இந்த புல்லு நெல்ல விட வேகமா வளரும், நீங்க காசு குடுத்து வாங்குன உரத்த அதுதான் முதல்ல இழுக்கும். களை எடுங்க, அப்புறம் உரம்.

மருந்து அடிக்கிறவங்க செடி ரெண்டு மூணு இலையில இருக்கும்போதே அடிங்க, தூர் கட்டுன பிறகு அடிச்சா மஞ்சளாகி திரும்ப துளிர்க்கும். இலையில படுற மருந்துன்னா தண்ணிய வடிச்சு இலை வெளிய தெரியணும். ஒரே மருந்த வருசா வருசம் அடிக்கக் கூடாது, புரோபனில், குயின்குளோராக், பிஸ்பைரிபாக் இதுக்கெல்லாம் சாகாத குதிரைவாலி பல நாட்டுல வந்துடுச்சு. பேரு மட்டும் மாறி உள்ள ஒரே சரக்கா இருக்கும், டப்பாவுல எழுதியிருக்கிறத படிக்கச் சொல்லிக் கேளுங்க.

புடுங்குன புல்ல ஈர வரப்புல போட்டா கணுவுல வேர் விட்டு திரும்ப நிக்கும், வெயில்ல காய்ஞ்ச எடத்துல போடுங்க. வாடகைக்கு வர்ற அறுப்பு மெசின உள்ள எறக்குறதுக்கு முன்னாடி தட்டி சுத்தம் பண்ணச் சொல்லுங்க, அடுத்த ஊரு வெத அதுலதான் வருது. வெதை நெல்ல சல்லடையில சலிச்சு, உப்புத் தண்ணியில போட்டு மெதக்கிறத எடுத்துடுங்க. கதிர் வர்றதுக்கு முந்தி அறுத்தா மாட்டுக்கு நல்ல தீவனம், இளசா இருக்கறப்ப எருமை ஆசையா தின்னும், முத்துன கதிரோட மட்டும் போடாதீங்க, சில வெத சாணியோட திரும்ப வயலுக்கே வந்து மொளைக்கும்.