பழைய பந்தய சைக்கிளின் விநோத பாகங்கள்: ஆசைப்படுபவர்கள் செய்யும் தவறுகள்

பாரிஸ்–ரூபே பந்தயம் கரடுமுரடான கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போனது. 1992, 1993 இரண்டு ஆண்டும் அதை வென்ற பிரான்ஸ் வீரர் ஜில்பேர் டுக்லோ-லசாலின் சைக்கிளில், மலைப்பாதை சைக்கிளில் இருப்பது போன்ற அதிர்வு தாங்கும் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இருந்தது. 1994இல் வென்ற ஆந்திரே ட்ச்மிலும் அதே வகை ஃபோர்க்கில்தான் ஓட்டினார். இப்படி வரிசையாக மூன்று முறை ஜெயித்த பொருள் அப்புறம் பந்தயச் சாலையிலிருந்தே காணாமல் போனது.

அதைப் பார்த்து “வேலைக்கு ஆகாத பொருள்” என்று முடிவுகட்டுவதுதான் பழைய சோதனைப் பொருட்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் செய்யும் முதல் தவறு. அந்த ஃபோர்க் ஆண்டுக்கு ஒருநாள் வரும் ஒரு பந்தயத்துக்கானது. வழவழப்பான தாரில் அது வெறும் சுமை. எந்த விநோதப் பாகம் கையில் கிடைத்தாலும், எந்தச் சாலைக்கு, எந்த உடம்புக்கு, எந்த விதிக்கு உட்பட்டுச் செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

தடை செய்ததெல்லாம் ஏமாற்று வேலை என்று நினைப்பதும் அதே வகைதான். 1933 ஜூலையில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற இரண்டாம் நிலை வீரர், ஷார்ல் மோஷே கட்டிய சாய்ந்து படுத்து ஓட்டும் ‘வெலோகார்’ வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914இல் வைத்த 44.247 கி.மீ. சாதனை அத்தோடு போயிற்று. மறு ஆண்டே உலக சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிளின் வடிவத்துக்கு இலக்கணம் எழுதி இந்த வண்டியை வெளியே தள்ளியது. ஃபோர் எந்த விதியையும் மீறவில்லை. அவர் ஓட்டிய அன்று அந்த விதியே இல்லை. எனக்கு இதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

அடுத்தது, ஒரே பொருளுக்கு முழு வெற்றியையும் எழுதிக் கொடுப்பது. 1989 டூர் டி பிரான்ஸ் கடைசி நாள், வெர்சாய் முதல் பாரிஸ் வரை 24.5 கி.மீ. தனி ஓட்டம், அதாவது ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு போட்டியிடும் கட்டம். 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், முழங்கையை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டிப் பிடிக்கும் ஹேண்டில்பாரோடு வந்து, மொத்தத்தில் 8 விநாடியில் டூரையே வென்றார். அதுவரை முன்னிலையில் இருந்த லோரான் ஃபிக்னோன் தோற்றார். அந்த ஹேண்டில்பாரைக் கடைசி நாளில் ரகசியமாக வெளியே எடுத்தார் என்பதுபோலப் பலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. அதே டூரின் ஐந்தாம் கட்டத்தில், தினார் முதல் ரென் வரை 73 கி.மீ. தனி ஓட்டத்தையும் லெமாண்ட் அதே வகை ஹேண்டில்பாரில்தான் வென்றார். எல்லோரும் பார்த்தார்கள். ஃபிக்னோனுக்கும் யோசிக்க இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது.

ஸ்காட்லாந்து வீரர் கிரேம் ஓப்ரீ தானே கட்டிய ‘ஓல்ட் ஃபெய்த்ஃபுல்’ சைக்கிள் என்றதும் எல்லோரும் சொல்வது வாஷிங் மெஷின் பேரிங் கதை. உண்மைதான், அதைப் போட்டிருந்தார். ஆனால் அந்தச் சைக்கிளின் மூளை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பெடலுக்கும் நடுவே அகலத்தைக் குறைத்தார். முழங்கால் இடிக்காமலிருக்க மேல்குழாயை எடுத்தார். கைகளை மடக்கி நெஞ்சுக்கு அடியில் செருகிக்கொண்டார். 1993 ஜூலையில் நார்வேயின் ஹமாரில் முதல் முயற்சி தோற்று, மறுநாளே திரும்பி வந்து ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டிச் சாதனை வைத்தார். ஒரு வாரத்தில் கிறிஸ் போர்ட்மன் 52.270 கி.மீ. ஓட்டி அதைத் தாண்டினார். 1994இல் அந்த உட்காரும் முறைக்கே தடை வந்தது. அதைப் பார்த்து நகல் செய்து சாலையில் ஓட்ட நினைக்காதீர்கள். குறுக்கே யாரும் வராத ஓட்டத்தளத்துக்காக, ஒரு மனிதர் தன் உடம்பை அளந்து செய்தது அது.

சரி, இனி கையில் ஸ்பேனர் எடுப்பவர்களுக்கு.

பழைய சைக்கிள்களில் அடிக்கடி கண்ணில் படுவது ஷிமானோவின் ‘பயோபேஸ்’ முன் பல்சக்கரம். 1983இல் வந்தது. வட்டமாக இல்லாததால் முட்டை வடிவம் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிறோம். 2012 டூரில் பிராட்லி விக்கின்ஸ் ஓட்டிய ஆஸிமெட்ரிக் பல்சக்கரம், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) கிடைமட்டமாக இருந்து கால் பலமாக அழுத்தும் நேரத்தில் பெரிய ஆரத்தைத் தரும். பயோபேஸ் நேர் எதிர்: அந்த நேரத்தில் சிறிய ஆரம், கிராங்க் செங்குத்தாக நிற்கும்போது பெரிய ஆரம். தப்பாக வடிவமைத்துவிட்டார்கள் என்று நினைத்து, ஐந்து போல்ட்டையும் கழற்றித் திருப்பி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அது ஷிமானோ யோசித்ததாகவும் இல்லை, இன்றைய வகையாகவும் இல்லை. ஐந்து துளைக்கு நடுவே 72 பாகை வீதம்தான் நகர்த்த முடியும் என்பதால் சரியாக எதிர்ப்பக்கம் வரவும் வராது. வெளி வளையத்தில் ஒரு சிறு முளை இருக்கும், அது கிராங்குக்குப் பின்னால் வரவேண்டும். உள் வளையத்திலுள்ள குறியையும் கிராங்கோடு நேராக வையுங்கள். அப்புறம் நிதானமான மிதியில் ஓட்டிப் பாருங்கள். படபடவென்று காலைச் சுழற்றுபவர்களுக்கு இது துள்ளுவது போலத் தோன்றும், அதற்காகக் குற்றம் சொல்ல வேண்டாம்.

அதே நிறுவனத்தின் ‘ஏஎக்ஸ்’ வரிசை 1980களின் தொடக்கத்தில் வந்தது. அதன் பெடல் மரை ஒரு அங்குலம். வழக்கமான பெடலுக்கு அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பெடல் மட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அதற்கேற்ற கிராங்கைத் தேடி அலைய வேண்டும். 1970களின் இறுதியில் ஓட்டத்தளத்துக்கென வந்த 10 மி.மீ. செயினும் அப்படித்தான். மற்ற செயினெல்லாம் கண்ணிக்குக் கண்ணி 12.7 மி.மீ. முன்னும் பின்னும் பல்சக்கரம், செயின் மூன்றும் சேர்ந்து கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

காம்பன்யோலோவின் ‘டெல்டா’ பிரேக் பார்க்க அவ்வளவு அழகு. அழகுக்காகவே வாங்கலாம். ஆனால் கேபிளை இறுக்க 3.5 மி.மீ. ஆலன் கீ தேவை, அது சாதாரண செட்டில் இருக்காது. பொருந்தாத கீயைப் போட்டு முறுக்கி போல்ட்டின் தலையைத் தேய்த்துவிடுபவர்கள் ஏராளம். உள்ளே இருப்பது விரிந்து சுருங்கும் நாற்கரம் என்பதால் கேபிள் நகர நகரப் பிடியின் பலம் மாறும். எனவே பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைத் தோராயமாக வைக்காதீர்கள்; கட்டை தேயத் தேயப் பிரேக்கின் குணமும் மாறும்.

எடையைக் குறைக்கத் துளை போடும் ஆசைக்கு வருவோம். 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிய சைக்கிள் 6 கிலோவுக்கும் குறைவு. எர்னெஸ்டோ கொல்னாகோ கட்டியது. செயினில்கூடத் துளை. அதைப் பார்த்துப் பல ஊர்களில் ஆர்வலர்கள் பிரேக் லீவரையும் கிராங்கையும் துளைத்துத் தள்ளினார்கள். மெர்க்ஸின் சைக்கிள் தாங்க வேண்டியது ஒரே மணி நேரம், பள்ளமில்லாத தளத்தில்; பிரேக்கே கிடையாது. நீங்கள் வாங்கும் பழைய கிராங்கில் துளை இருந்தால் அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மயிரிழைக் கீறல் ஒன்று தெரிந்தாலும் காட்சிக்கு மட்டும் வையுங்கள்.

அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி ஓட்டிய விட்டஸ் 979 போன்ற அலுமினியச் சட்டங்களில் குழாய்களைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். இணைப்பில் லேசான ஆட்டமோ கிறீச் சத்தமோ இருந்தால் ஏறாதீர்கள். 1970களின் தொடக்கத்தில் வந்த சினெல்லி எம்71 பெடலிலிருந்து காலை விடுவிக்க, குனிந்து கையால் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். சிக்னலில் திடீரென்று நிற்க அதில் வழியில்லை.

கடைசியாக அந்த நீண்ட வால் ஹெல்மெட்டுகள். 1980களில் வந்தவற்றில் பலவும் காற்றை வழுக்கவிடச் செய்த வெறும் மூடிகள். உள்ளே அடி தாங்கும் நுரை இல்லை. நுரை இருந்தாலும் இத்தனை ஆண்டுகளில் அது நம்பத் தகுந்த நிலையில் இருக்காது. புகைப்படத்துக்கு மாட்டிக்கொள்ளுங்கள். வண்டியைச் சாலைக்கு எடுக்கும் முன் கழற்றி வைத்துவிட்டு, இன்றைய ஹெல்மெட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.