ஆயிரம் பேக்லிங்க் வாங்குவதற்கு முன்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் வியாபாரம் செய்யும் நண்பர், தன் இணையதளத்துக்கு "ஆயிரம் பேக்லிங்க்" (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு; கூகுள் தேடலில் மேலே வரலாம் என்று வாங்குகிறார்கள்) தருவதாகச் சொன்னவரிடம் பணம் கட்டிவிட்டார். நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் 'லிங்க்ஸ்' பகுதியைத் திறந்து பார்த்தோம். சூதாட்டத் தளம், கடன் தளம், எல்லாவற்றிலும் 'மாங்கூழ் மொத்த விலை' என்ற ஒரே வரி. மனசு கேட்கவில்லை. 2012இல் கூகுள் 'பென்குயின்' என்ற தேடல் மாற்றத்தைக் கொண்டுவந்ததே இப்படிச் செயற்கையாகச் சேர்க்கும் லிங்குகளைப் பிடிக்கத்தான்.

முதலில் அந்தத் தளங்களிடம் லிங்கை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். நீக்காமல், கூகுளின் மேனுவல் ஆக்‌ஷனும் (கூகுள் ஆட்களே பார்த்துத் தளத்துக்குத் தரும் தண்டனை) வந்திருந்தால், 'இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்' என்று கூகுளிடம் சொல்ல டிஸவோ கருவி இருக்கிறது. காசு கொடுத்து விளம்பரம் போடுவது தப்பில்லை. ஆனால் அந்த லிங்கின் நிரலில், அது காசு கொடுத்த லிங்க் என்று கூகுளுக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்டு' குறியோ 'நோஃபாலோ' குறியோ வேண்டும்.

அப்புறம், பெங்களூரா மாங்காய் கூழாவதைப் படத்தோடு எழுதச் சொன்னேன். பயன்பட்டவர்கள் தாங்களாகவே லிங்க் கொடுப்பார்கள், மெதுவாகத்தான் வரும்.